நாலு அங்குல கிரைண்டர்: நாள்பட ஓட்டினால் கைக்கு எது காவல்?

இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டும் ஆங்கிள் கிரைண்டர் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது வாட். வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால், கையைக் காப்பது ஸ்விட்ச், கார்டு (வீலை மறைக்கும் தகடு), சைடு ஹேண்டில் மூன்றும்தான் என்பது புரியும்.

முன்னால் தள்ளி லாக் செய்யும் ஸ்விட்ச் பிடிக்கச் சுகம். ஆனால் மெஷின் கைநழுவினாலும் வீல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரும்புத் தூள் ஏறஏற ஸ்விட்ச் இறுகி, அணைக்க நினைக்கும்போது சிக்கும். கரண்ட் போய்த் திரும்பினால், ஆனில் கிடக்கும் மெஷின் தானாக எகிறும். அதைத் தடுக்கும் வசதி எல்லா மாடலிலும் கிடையாது. அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் பேடில் ஸ்விட்ச்சில் விரல் கொஞ்சம் வலிக்கும். வலித்தாலும் அதுதான் நல்லது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், பிரேக் இல்லாவிட்டால் அணைத்த பிறகும் வீல் சில விநாடி சுற்றும். நிற்பதற்குள் மெஷினைக் கீழே வைக்காதீர்கள்.

கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல வீல் மாட்டுவது பரவலான பழக்கம். நாலு அங்குல வீலின் துளை 16 மி.மீ., ஐந்து அங்குலத்துக்கு 22.23. துளை பெரிதாக இருப்பதால் வீல் மையத்தில் உட்காராது. உதறும், விரிசல் விடும். அதைவிடப் பெரிய வீல் என்றால் கேட்கவே வேண்டாம். மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். ஒன்பது அங்குல வீலின் உச்ச வரம்பே 6,600தான். பல் வைத்த மர பிளேடை கிரைண்டரில் மாட்டவே கூடாது.

இனி கிக்பேக், அதாவது வீல் சிக்கி மெஷின் எகிறுவது. இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்த கம்பியை நடுவில் அறுத்தால், முடியும் தறுவாயில் கம்பி தொய்ந்து வெட்டு வாய் மூடும். வீலைக் கவ்வியதும் மெஷின் அப்படியே பின்னால் எகிறும். சைடு ஹேண்டில் இல்லாமல் ஒரு கையால் பிடித்திருந்தால் அது தொடைக்கோ மறுகைக்கோதான் போகும். அதனால் வெட்டும் இடத்தை முட்டுக்கு வெளியே வையுங்கள். துண்டு தானாகக் கீழே விழ வேண்டும், வாய் விரிய வேண்டும். வேலைப் பொருளை ஒருபோதும் கையில் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்குங்கள். வீல் போகும் நேர்கோட்டில் நிற்காதீர்கள்.

1 மி.மீ. கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்த்தால் உடையும். தேய்ப்பதற்கு 6 மி.மீ. வீல் தனியாக இருக்கிறது. பெரும்பாலான வீல்களின் நடுவளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். யாரும் பார்ப்பதில்லை. ஈரத்தில் கிடந்தது, கீழே விழுந்தது என்றால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். புது வீல் மாட்டியதும் கார்டை உங்கள் பக்கம் திருப்பி, அரை நிமிடம் சும்மா ஓட விடுங்கள். வீல் மாற்றும்போது பிளக் வெளியே இருக்கட்டும்.

கையுறை விஷயத்தில் குழப்பம் அதிகம். கிரைண்டருக்கு கையை ஒட்டிய தோல் கையுறை சரி. நூல் தொங்கும் பருத்திக் கையுறை வேண்டாம். நிலை ட்ரில், லேத் பக்கம் எந்தக் கையுறையும் கூடாது, துணியைச் சுருட்டிக் கையோடு இழுத்துவிடும். மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

வேலை முடிந்து விரல் மரத்தாலோ வெளுத்தாலோ அது அதிர்வின் வேலை. தேய்ந்த பேரிங், கோணல் வீல் இரண்டையும் முதலில் பாருங்கள்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி நேராகப் பட்டால் சதை கெட்டு, ஒட்ட வைக்கும் வாய்ப்பு போய்விடும்.