ஒரு டிஷ், மூன்று டிவி: டியூனர்களை வீட்டுக்குள் பகிர எந்த வழி நல்லது?

கூடத்தில் ஒரு டிவி, மாடி அறையில் ஒன்று, பெரியவர்கள் படுக்கும் அறையில் ஒன்று. மூன்றின் பின்னாலும், டிவியில் படங்களும் அலைவரிசைகளும் காட்டும் கோடி (Kodi) மென்பொருள் ஓடும் சிறு கணினி. மொட்டை மாடியில் ஒரே ஒரு டிஷ். இப்படி அமைந்த வீட்டில் அடுத்து வரும் கேள்வி இதுதான்: ஒவ்வொரு கணினிக்கும் தனி டியூனர் (ஒளிபரப்புச் சிக்னலைப் பிடித்துத் தரும் கருவி), தனிக் கேபிள் என்று போவதா, அல்லது டியூனர்களை ஓரிடத்தில் வைத்து நெட்வொர்க் வழியாக எல்லா அறைகளுக்கும் கொடுப்பதா? பகிர்வதே சரி என்பது என் கருத்து. ஆனால் பகிரும் வழிகள் பல. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை மனத்தில் வைத்து உருவானவை. புதுச்சேரியிலும் கடலூரிலும் எது நிற்கும், எது நிற்காது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், நமக்கு எந்தச் சிக்னல் கிடைக்கிறது? மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் தூர்தர்ஷன் பார்த்த காலம் முடிந்துவிட்டது. அனலாக் தரைவழி ஒளிபரப்பைப் பிரசார் பாரதி ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்திவிட்டது. கட்டண டிடிஎச், கேபிள் அலைவரிசைகள் பூட்டப்பட்டவை. அவற்றின் செட்டாப் பாக்ஸைத் தவிர வேறு எதிலும் அவை திறக்காது, கணினி டியூனரால் அங்கே பயனில்லை. மிஞ்சுவது பூட்டில்லாமல் செயற்கைக்கோள் வழியே வருபவை. அவற்றில் முதன்மையானது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சேவை இப்போது கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 வழியாக வருகிறது. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி வந்த டிடி தமிழும் இதில் உண்டு. பெரிய டிஷ் வைத்து, சி-பேண்ட் என்ற குறைந்த அதிர்வெண் அலைகளில் பார்ப்பவர்களுக்கும் இனி நான் சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தும்.

இந்த ஒரு காரணத்தாலேயே, உலகில் பலரும் முதலில் பரிந்துரைக்கும் எச்டிஹோம்ரன் பெட்டி நம் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. சிலிக்கான்டஸ்ட் நிறுவனத்தின் அந்தப் பெட்டி அருமையானது: ஆன்டெனா கேபிளை ஒரு பக்கம், நெட்வொர்க் கேபிளை மறுபக்கம் செருகினால் வீட்டிலுள்ள எந்தக் கணினியும் அதன் டியூனரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது தரைவழி ஒளிபரப்பையும் கேபிளையும் மட்டுமே அறியும். செயற்கைக்கோள் சிக்னலை அதில் கொடுக்க வழியில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு அடிப்படையை மறக்கக் கூடாது. டியூனர் பிடிப்பது தனி அலைவரிசையை அல்ல, செயற்கைக்கோளில் உள்ள அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரை. ஒரு டிரான்ஸ்பாண்டரில் பத்து, பன்னிரண்டு அலைவரிசைகள் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. நொடிக்கு 2.75 கோடி குறியீடுகளோடு வரும் பழைய வகை டிரான்ஸ்பாண்டர் ஒன்றின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 38 மெகாபிட். அதில் சாதாரணத் தர அலைவரிசை ஒன்று மூன்று முதல் ஐந்து மெகாபிட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே கூடத்தில் பார்ப்பதும் மாடி அறையில் பதிவாவதும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் ஒரு டியூனரே இரண்டுக்கும் போதும். அறைக்கொரு டியூனர் என்று பிரித்து வைத்தால் இந்த ஆதாயம் முழுவதும் வீண். ஒரே டிரான்ஸ்பாண்டரை மூன்று டியூனர்கள் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். "எத்தனை டிவி" என்று எண்ணி டியூனர் வாங்குபவர்கள் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை டிரான்ஸ்பாண்டர் வேண்டும் என்பதே சரியான கணக்கு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டு.

கேபிள் பக்கமும் இப்படித்தான். டிஷ்ஷின் முன்னால் நின்று அலைகளை வாங்கும் எல்என்பிக்குப் போகும் கேபிளில் 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து அலைகள் வரும், 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்ட அலைகள் வரும். ஒரே கேபிளைச் சாதாரணப் பிரிப்பானால் இரண்டாக்கி இரண்டு டியூனர்களுக்குக் கொடுத்தால், ஒன்று 13 கேட்க மற்றொன்று 18 கேட்க, ஒன்று இருண்டுபோகும். இரண்டு வாய் அல்லது நான்கு வாய் உள்ள எல்என்பி போட்டு, டியூனருக்கு ஒரு கேபிள் இறக்குவதே கவலையில்லாத வழி.

இனி உண்மையான போட்டி மூன்றுக்கு இடையே: டிவிஹெட்எண்ட், மித்டிவி, சாட்-ஐபி.

டிவிஹெட்எண்ட் லினக்ஸில் ஓடும் சர்வர். டியூனர்கள் செருகிய ஒரு கணினியில் இதை நிறுவினால், உலாவியில் 9981 என்ற போர்ட் (இணைப்பு எண்) வழியாக அமைப்புகளைச் செய்யலாம். கோடி மென்பொருள் 9982 வழியாக வந்து அலைவரிசைகளை எடுத்துக்கொள்ளும். இதை நான் முதலிடத்தில் வைக்கக் காரணம் மூன்று. முன்சொன்ன டிரான்ஸ்பாண்டர் கணக்கை இது தானாகவே போடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் டியூனரிலேயே புதிய வேண்டுகோளைச் சேர்க்க முடிந்தால் அடுத்த டியூனரைத் தொடாது. இரண்டாவது, நேரடி ஒளிபரப்பை வட்டில் எழுதாமல் நேராக நெட்வொர்க்கில் அனுப்புகிறது. அதனால் மெமரி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகூடப் பல காலம் உழைக்கும், அலைவரிசை மாற்றுவதும் விரைவாக நடக்கும். மூன்றாவது, யாருக்கு முன்னுரிமை என்பதை எண்களால் தீர்த்து வைக்கிறது. பதிவுக்கு ஒரு எடை, கூடத்து டிவிக்கு ஒரு எடை, குழந்தைகளின் அறைக்கு ஒரு எடை. டியூனர் போதாத நேரத்தில் எடை குறைந்தவர் விட்டுக்கொடுப்பார். இரவுச் செய்தியும் கிரிக்கெட்டும் மோதும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இதன் குறை தொடக்கத்தில் தெரியும். நெட்வொர்க், மக்ஸ் (ஒரு டிரான்ஸ்பாண்டரில் வரும் அலைவரிசைக் கட்டு), சர்வீஸ், சேனல் என்று நான்கு அடுக்குகளை ஒழுங்காகக் கட்டாமல் படம் வராது. ஃப்ரீ டிஷ் தன் அலைவரிசை வரிசையை மாற்றும்போதெல்லாம் மீண்டும் தேடலை ஓடவிட வேண்டும். ஒரு மாலை ஒதுக்கிப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

மித்டிவி இன்னும் பழையது. 2002இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கியது. "கணினிகளுக்கு இடையே டியூனர்களைப் பகிர்வது" என்ற சொற்றொடருக்கு நேர்ப்பொருளாக நிற்பது இதுதான். ஒரு கணினி தலைமை, மற்றவை துணை. கூடத்துக் கணினியில் ஒரு டியூனர், மாடியில் ஒரு டியூனர் என்று சிதறிக் கிடந்தாலும் எல்லாவற்றையும் ஒரே குளமாகச் சேர்த்து, எந்தப் பதிவை எதில் செய்வது என்று தலைமையே முடிவு செய்யும். பதிவுத் திட்டமிடலில் இதற்கு இணை இல்லை என்றே சொல்வேன். இரண்டு நிகழ்ச்சிகள் மோதினால் ஒன்றின் மறுஒளிபரப்பைத் தேடி அங்கே மாற்றிவைக்கும். ஏற்கெனவே வாங்கிய டியூனர்கள் பல கணினிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்தத் திறமை நிகழ்ச்சி வழிகாட்டித் தகவலை நம்பி இருக்கிறது. எந்த நிகழ்ச்சி எப்போது என்ற தகவல் ஒழுங்காக வராத அலைவரிசைகளுக்கு, நேரத்தைக் கையால் குறித்துப் பதிவு செய்யத்தான் முடியும். அப்போது மித்டிவியின் வலிமையில் பாதி போய்விடுகிறது. நேரடி ஒளிபரப்பையும் இது முதலில் வட்டில் எழுதிவிட்டே காட்டும். அலைவரிசை மாற்றும்போது அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியும், மெமரி கார்டு நீண்ட நாள் தாங்காது. தலைமைக் கணினியின் பதிப்பும் பார்க்கும் கணினிகளின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. ஒன்றைப் புதுப்பித்தால் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும்.

சாட்-ஐபி வேறு இனம். இது மென்பொருளின் பெயர் அல்ல, கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு நெறிமுறை. லக்ஸம்பர்க்கின் எஸ்இஎஸ், பிரிட்டனின் பிஸ்கைபி, கிராஃப்ட்வொர்க் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 2012இல் வெளியிட்டன. டிஷ் சிக்னலை டியூனர் உள்ள இடத்திலேயே நெட்வொர்க் பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. கேட்கும் கணினி "இந்த அதிர்வெண், இந்தத் துருவம் (செங்குத்தா, கிடைமட்டமா), இந்த அலைவரிசை" என்று கேட்டால் அனுப்பும் பெட்டி கொடுக்கும், அவ்வளவுதான். பதிவு, பட்டியல், முன்னுரிமை எதுவும் அதன் வேலை இல்லை. இதற்கென்று நான்கு டியூனர்களோடு ஐரோப்பாவில் விற்ற பெட்டிகளை இங்கே வரவழைக்கலாம். ஆனால் பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பது அரிது. அதைவிட, சிறு லினக்ஸ் கணினியில் மினிசாட்ஐபி என்ற இலவச மென்பொருளை நிறுவி, யுஎஸ்பி டியூனரைச் செருகுவது மேல். ஒரே டிரான்ஸ்பாண்டரைக் கேட்கும் இருவருக்கு ஒரே டியூனரைக் கொடுக்க அதற்கும் தெரியும்.

இதன் சிறப்பு தூரத்தில் இருக்கிறது. டிஷ் கேபிள் நீள நீளச் சிக்னல் தேயும். நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை எதுவும் தேயாது. மூன்றாம் மாடியில் டிஷ், தரைத்தளத்தில் டிவி என்ற வீட்டில், மாடிப்படி அறையிலேயே டியூனரை வைத்து ஒரே நெட்வொர்க் கேபிளை இறக்கிவிடலாம். கீழே டிவிஹெட்எண்ட் அதைத் தன் சொந்த டியூனர் போலவே ஏற்றுக்கொள்ளும். எனவே இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை.

விண்டோஸ் மட்டுமே பழக்கம் என்பவர்களுக்கு நெக்ஸ்ட்பிவிஆர் உண்டு. இலவசம், நிறுவுவது எளிது, கோடியோடு சேரும். பழைய விண்டோஸ் மீடியா சென்டரை நினைத்து ஏங்குவதில் பயனில்லை. 2015இல் வந்த விண்டோஸ் 10இலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. இருந்த காலத்திலும் ஒரு கணினியின் டியூனரை இன்னொரு கணினிக்குத் தர அது இடம் கொடுக்கவில்லை.

நெட்வொர்க் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். புதுச்சேரியின் பழைய தமிழர் பகுதி வீடுகளைப் பாருங்கள்: திண்ணை, முற்றம், சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த செங்கல் சுவர். வெயிலைத் தடுக்கும் அந்தச் சுவர்கள் வைஃபையையும் தடுக்கின்றன. இணையப் படங்கள் முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஓடுவதால் அங்கே தடங்கல் தெரியாது. நேரடி ஒளிபரப்பில் அப்படிச் சேமித்துவைக்க இடமில்லை, ஒரு நொடித் தடங்கலும் படத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். சாட்-ஐபியைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையில் வைஃபையில் ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பொட்டலங்களை வைஃபை குறைந்த வேகத்தில், மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாராமல் அனுப்புகிறது. கேபிளில் மூன்று எச்டி அலைவரிசைகள் சேர்ந்தாலும் ஏறக்குறைய 40 மெகாபிட்தான், பழைய 100 மெகாபிட் சுவிட்சே தாங்கும். கேபிள் இழுக்க முடிந்த அறைக்கு இழுத்துவிடுங்கள்.

மின்செலவும் தேர்வை மாற்றும். சர்வர் நாள் முழுவதும் விழித்திருக்க வேண்டும். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினி இரண்டு மாதத்தில் சுமார் 86 யூனிட் தின்னும். கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசு இரண்டு மாதத்துக்குத் தரும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். டியூனரோடு சேர்த்து 10 வாட் எடுக்கும் சிறு கணினிக்கு 15 யூனிட்டுக்கும் குறைவு. மித்டிவியைவிட டிவிஹெட்எண்டை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: சிறு கணினியில் நிம்மதியாக ஓடுவது அதுதான்.

பகிர்வதற்கு எதிரான ஒரே வலுவான வாதம் மழைக்காலம். நம் ஊரிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 தென்கிழக்கே, கடல் பக்கம், ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் இருக்கிறது. அண்டைக் கட்டடம் மறைக்காது என்பது நல்லது. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் கனத்த மேகங்கள் வருவதும் அதே கடல் பக்கத்திலிருந்துதான், ஃப்ரீ டிஷ் வரும் கு-பேண்ட் அலை பெருமழையில் அறுந்துபோகும் இயல்புடையது. உப்புக்காற்று கேபிள் முனையைப் பச்சையாக அரித்துவிடும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு, புயல் நேரத்தில் செய்தி எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. மழையில் அலை அறுந்தால் எந்த ஏற்பாட்டிலும் படம் போகும். டியூனர்களை ஒரே கணினியில் குவித்தாலோ, அந்தக் கணினி நின்றாலே மூன்று அறைகளும் இருண்டுபோகும்.

அதனால் நான்கு வாய் எல்என்பி வாங்குங்கள். இரண்டு வாய் டிவிஹெட்எண்ட் டியூனர்களுக்கு. மூன்றாவதை, நெட்வொர்க்கைத் தொடாமல், பெரியவர்கள் அறையிலுள்ள சாதாரண ஃப்ரீ டிஷ் செட்டாப் பாக்ஸுக்கு நேராக இறக்குங்கள், அதற்கும் அந்த டிவிக்கும் ஒரு சிறு யுபிஎஸ் கொடுங்கள். நான்காவது வாயை மூடியிட்டு, நீர் புகாத டேப் சுற்றி, அக்டோபருக்கு முன்பே பாதுகாத்துவிடுங்கள்.