எஃப்-டிராய்டு: மறுத்தால் காரணமும் தெரிகிற ஆப் கடை

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரை விட்டால் வேறு கதியில்லை என்று நினைப்பவர்கள் எஃப்-டிராய்டை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 2010-இல் இருந்து இருக்கிறது, கணக்கு தொடங்கச் சொல்லாது, காசு கேட்காது. ஆனால் பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் இன்னொரு கடையைத் தன் கடைக்குள் விரிக்க கூகுள் விடுவதில்லை. அவர்களுடைய தளத்துக்கே போய் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவ உதவும் கோப்பு) இறக்கி நிறுவ வேண்டும். வெளியிலிருந்து நிறுவுகிறாய் என்று போன் கொஞ்சம் பயமுறுத்தும், பரவாயில்லை.

இதில் எனக்குப் பிடித்ததே எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் முறைதான். மூலநிரல், அதாவது செயலியை எழுதிய நிரல், யாரும் படித்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதோடு விடுவதில்லை, அந்த மூலநிரலை எடுத்துத் தாங்களே பில்ட் செய்கிறார்கள் (நிறுவக்கூடிய செயலியாக மாற்றுகிறார்கள்), நடுவில் கூகுளின் ஃபயர்பேஸ் மாதிரி மூடிய லைப்ரரி (பிறர் எழுதிய தயார் நிரல்) ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த விவாதமெல்லாம் நிரல்களைப் பகிரும் தளமான கிட்லாபில் பொதுவில் நடக்கிறது, ஒரு செயலி ஏன் நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

பெரிய கடைகளில் கேள்வியே வேறு. கூகுளில் பதிவுக்கு 25 டாலர், ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர் என்றால் 12 பேரைப் பிடித்து தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டினால்தான் பிளே ஸ்டோரில் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும் (முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள்). பெரிய கம்பெனிகளுக்கும் நிம்மதியில்லை. 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் நம்ம சென்னையின் பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி போன்றவற்றையே கூகுள் தூக்கியது, மத்திய அரசு தலையிட்டபின் சில நாளில் திரும்ப வந்தன. செயலியில் ஓட்டை இருந்து தூக்கவில்லை, கமிஷன்தான் விஷயம்.

எஃப்-டிராய்டில் இன்னொரு நல்ல பழக்கம், பிடிக்காத எல்லாவற்றையும் வெளியே தள்ளாமல் சிலவற்றுக்கு எச்சரிக்கை லேபிள் ஒட்டி உள்ளே விடுவது. விளம்பரம் உண்டு, பயனரைப் பின்தொடரும், தெரிந்த பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று செயலியின் பக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். யூடியூப் பார்க்க உதவும் நியூபைப்புக்கும், கட்டற்றதல்லாத இணையச் சேவையை நம்பியிருக்கிறது என்று ஒரு லேபிள் உண்டு. என்ன, இந்த லேபிள் கண்ட இடத்திலெல்லாம் தொங்குவதால் எதற்குப் பயப்படுவது எதை விடுவது என்று புதிதாக வருபவருக்குப் பிடிபடாது.

குறைகளும் நிறைய. தரம் பார்ப்பதில்லை. வெறும் இணையதளத்தைச் சுற்றிக் கட்டிய செயலி என்றால் ஆப்பிள் மறுத்துவிடும், இங்கே கைவிடப்பட்ட பழைய செயலிகள்கூட அலமாரியில் தூசி தட்டாமல் கிடக்கின்றன. பயனர் மதிப்பீடும் கிடையாது, எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் கிடையாது, தேடல் சுமார். தாங்களே பில்ட் செய்வதால் அப்டேட் சில நாள் தாமதமாக வரும். செயலி யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தைப் பெரும்பாலும் அவர்களுடைய சாவியாலேயே இடுவதால், பிளே ஸ்டோரில் போட்ட அதே செயலியின் மேல் இதை நிறுவ முடியாது, அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். அதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸப், ஜிபே, வங்கிச் செயலிகள் எதுவும் இங்கே வராது, மூலநிரல் மூடியவை. அதனால் பிளே ஸ்டோரை எடுத்துவிடச் சொல்லமாட்டேன். கீபோர்டு, கேலரி, பாட்காஸ்ட் மாதிரி தினசரிச் சாமான்களை மட்டும் இங்கிருந்து எடுங்கள். முதலில் இணைய அனுமதியே கேட்காத ஹெலிபோர்டு கீபோர்டு, அப்புறம் பாட்காஸ்ட் கேட்க ஆன்டெனாபாட்.