கொளத்தூர் கடைகளில் கடல் முள்ளெலி: எதை நம்பி வாங்கலாம்

சென்னை கொளத்தூரில் கடல் முள்ளெலி (sea urchin, முள் போர்த்த உருண்டை ஓட்டுக் கடலுயிர்) கிடைக்கிறது. அதை வளர்க்கத் தேவையான சாமானையும் ரெட்டேரி பக்கம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். சாமானில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. உயிரைப் பொறுத்தவரை கடைக்குக் கடை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுக்க கடைத் தண்ணீரில் இருக்கிறது.

இது அடிப்படையில் நன்னீர் மீன் சந்தை. கப்பி, மோலி, ஃபைட்டர் விற்கும் கடைகளுக்கு நடுவே உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் கடைகள் குறைவு. அவற்றிலும் பல இடங்களில் ஒரு வரிசைத் தொட்டிகள் அத்தனைக்கும் கீழே ஒரே சம்ப்தான், அதாவது தண்ணீர் வடிகட்டிச் சுழலும் அடித்தொட்டி. வெள்ளைப்புள்ளி நோய் வந்த மீனுக்காக அதில் காப்பர் மருந்து ஊற்றினால் அதே தண்ணீர் முள்ளெலி இருக்கும் தொட்டிக்கும் ஏறும். மீன் தாங்குகிற காப்பர் அளவை முள்ளெலி தாங்காது. கடையிலேயே சாகாவிட்டாலும் வீட்டுக்கு வந்தபின் முள் உதிர்ந்து சாகும். "அண்ணா, இந்த லைன்ல காப்பர் போட்டிருக்கீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். அதே வரிசையில் இறாலும் நத்தையும் சுறுசுறுப்பாக இருந்தால் அவர் சொல்லும் "இல்லை"யை நம்பலாம். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கென்று தனி சம்ப் வைத்திருக்கும் கடைக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. கொஞ்சம் விலை கூட இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள்.

அடுத்து உப்பளவு. மீன் தொட்டிகளை ஒப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்த அடர்த்தி) 1.018 முதல் 1.020 வரை வைத்திருப்பது கடைகளில் சகஜம். உப்பும் மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் குறைவு. முள்ளெலிக்கு அது ஆகாது. உடம்புக்குள் உப்பைச் சமன்படுத்தும் உறுப்பு அதற்குக் கிடையாது. வெளியே தண்ணீர் எப்படியோ உள்ளேயும் அப்படியே. அதற்கு வேண்டியது 1.025 – 1.026, அதாவது லிட்டருக்கு 35 கிராம் வாக்கில். கையோடு உப்பளவு காட்டும் கருவியான ரெஃப்ராக்டோமீட்டர் ஒன்றைக் கொண்டுபோய் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

உயிரைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. தண்ணீருக்குள்ளேயே அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். நலமான முள்ளெலி சும்மா கிடக்காது. முட்களுக்கு நடுவே நூல் போன்ற குழாய்க்கால்கள் ஒவ்வொன்றாக நீளும். நுனியில் இருக்கும் சின்னத் தட்டு கண்ணாடியைத் தடவிப் பிடிக்கும். ஒரு பக்கம் பத்துப் பதினைந்து கால்கள் பிடித்ததும் உடம்பு மெல்லச் சாய்ந்து எழும். சில நிமிடங்களில் நிமிர்ந்துவிட வேண்டும். கால் நீட்டாமல் முட்கள் ஒரே பக்கம் படிந்து கிடந்தாலோ, ஓட்டில் முள்ளில்லாத வெளுத்த திட்டு தெரிந்தாலோ, தொட்டியின் அடியில் உதிர்ந்த முட்கள் கிடந்தாலோ விட்டுவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்கும் கடையையும் விட்டுவிடுங்கள். பிய்த்தால் கால்கள் அறுந்து கண்ணாடியிலேயே தங்கும். அவை மறுபடி வளரும் என்றாலும் பயணத்துக்கு முன் அந்தக் காயம் தேவையில்லாதது. பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை அடியில் மெதுவாக நுழைத்துத் தள்ளினால் தானே விடும். வலையிலும் அள்ளக் கூடாது, முள் சிக்கிக்கொள்ளும்.

சாமானுக்கு வருவோம். ரெஃப்ராக்டோமீட்டர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் வைத்துப் பூஜ்யத்துக்குத் திருகினால் 35-க்கு அருகே பிசக வாய்ப்புண்டு. 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் 36.5 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் அந்தக் கரைசல் கருவியில் 35 காட்ட வேண்டும். அதில் வைத்துத் திருகுங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை வாங்க வேண்டாம். ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும்.

கடலுப்புப் பொடியைக் கம்பெனி மூடிய பையில் வாங்குங்கள். பிரித்து நிறுத்துத் தரும் உப்பு ஈரம் இழுத்திருக்கும், கலவையும் சீராக இருக்காது. 20 லிட்டருக்கு 700 – 760 கிராம். ஒரு நாள் மோட்டார் போட்டுச் சுழலவிட்டு, அளந்து, பிறகு ஊற்றுங்கள்.

வடசென்னையில் அதிகம் கோட்டை விடுவது எந்தத் தண்ணீரில் உப்பைக் கலக்குகிறோம் என்பதில்தான். போர் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரில் ருசிக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர்; அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும். இரண்டாவது, இப்போது பல மெஷின்களில் வரும் காப்பர் கார்ட்ரிட்ஜ். மனிதருக்கு நல்லது என்று சேர்ப்பது முள்ளெலிக்கு நஞ்சு. மெம்பரேனிலிருந்து (வடிகட்டும் சவ்வு) வரும் குழாயில், கார்ட்ரிட்ஜுக்கு முன்பாகவே ஒரு T இணைப்பு போட்டுத் தண்ணீர் எடுங்கள். பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் ஒன்று வைத்தால் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும். செம்புக் குடத்தில் பிடித்து வைக்கவே கூடாது.

காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடல் தண்ணீர் அள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. துறைமுகத் தண்ணீரில் டீசல் மிதக்கும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கரை வரை வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் படர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீர் இறங்கிக் கரையோர உப்பளவும் விழும். பொடி உப்பே போதும்.

சோதனை கிட்டில் அல்கலினிட்டி (காரத்தன்மை) கிட் கட்டாயம், கால்சியம் அடுத்தது. முள்ளெலியின் ஓடு, முள் இரண்டுமே மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு. 8 – 11 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) அல்கலினிட்டியும் 400 – 450 பி.பி.எம். கால்சியமும் இருந்தால்தான் அவை வளரும். அல்கலினிட்டி இறங்கினால் ஆப்ப சோடா போதும்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஏறத்தாழ 1 டி.கே.எச். ஏறும். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள், ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0, நைட்ரேட் 10-க்குள்.

சூடு 24 – 27 டிகிரி. மே மாதம் தொட்டியின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடற்காற்றில் ஈரம் ஏறிய நாளில் அதுவும் இறங்காது. பட்ஜெட் இருந்தால் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினே சரி. ஃபேன் ஓடினால் ஆவியாவதும் கூடும். 200 லிட்டர் தொட்டியில் 8 லிட்டர் ஆவியானால் 35 இருந்தது 36.5 ஆகிவிடும். உப்பு ஆவியாகாது என்பதால் அதை ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. தண்ணீரை, அதுவும் தினமும், ஊற்ற வேண்டும்.

எந்த இனம்? சின்னத் தொட்டிக்கு டக்ஸிடோ. நீலப் பட்டைகளோடு அழகாக இருக்கும். சிப்பி, கல் துண்டு எதையாவது முதுகில் சுமந்து திரியும். நீள முள் கறுப்பு இனமான டையடீமாவுக்கு 200 லிட்டருக்கு மேல் வேண்டும். அதன் முள் விரலில் ஏறினால் உள்ளேயே முறியும், கடுக்கும். டிரிகர், பஃபர் மீன்களோடு எதையும் விடாதீர்கள், கடித்துத் தின்றுவிடும். "பவளம் ஒட்டின கல்" என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். பவளமும் கடல் அட்டையும் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை.

தொட்டி ஓடத் தொடங்கி மூன்று நான்கு மாதமாகி, கல்லில் பாசி பிடித்த பிறகு வாங்குங்கள். பாசி தீர்ந்ததும் அது பட்டினி கிடக்கும், நமக்குத் தெரியாது. சூஷி சுற்றும் கடற்பாசித் தாளான நோரியை, உப்போ எண்ணெயோ சேராததாகப் பார்த்து, உள்ளங்கையில் பாதியளவு கிழித்து ரப்பர் பேண்டால் கல்லில் கட்டிப் போடுங்கள். வாரம் மூன்று முறை. மிஞ்சியதை மறுநாள் எடுத்துவிடுங்கள். மண்டபம் பக்கத்திலிருந்து சுத்தமான கஞ்சிப்பாசி கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

எடுத்து வர பாலிதீன் பை வேண்டாம், முள் குத்தி ஒழுகும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் தெர்மோகோல் பெட்டியும் கொண்டுபோங்கள். தண்ணீருக்குள்ளேயே டப்பாவில் ஏற்றி மூடச் சொல்லுங்கள். கடை உப்பளவு உங்களுடையதோடு ஒத்திருந்தால் ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு உங்கள் தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இரண்டு மணி நேரம் டப்பாவுக்குள் விடுங்கள். 1.020-இலிருந்து வருகிறது என்றால் தனித் தொட்டியில் அதே 1.020-இல் வைத்து, தினம் 0.001 வீதம் ஏற்றுங்கள். கடைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட உங்கள் தொட்டிக்குள் போகக் கூடாது.