ஓய்வுக்காலத்துக்குத் தாய்லாந்தா, மலேசியாவா?

ஓய்வுபெற்றபின் வெளிநாட்டில் குடியேற எண்ணுவோர் முதலில் மாதச் செலவைத்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் தாய்லாந்தையும் மலேசியாவையும் வேறுபடுத்துவது, முடக்கிவைக்க வேண்டிய தொகை.

50 வயது நிரம்பியவர் தாய்லாந்தில் ஓய்வுக்கால அனுமதியை ஆண்டுதோறும் நீட்டிக்க, அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாத் இருப்பு வைத்திருக்க வேண்டும். இல்லையேல் மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். நீட்டிப்பு கிடைத்து மூன்று மாதம் கழிந்தால் இருப்பை 4 லட்சம் வரை குறைத்துக்கொள்ளலாம் என்றாலும், அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பே அதை நிரப்பியாக வேண்டும் என்பதால், அவசர மருத்துவத்துக்கான சேமிப்பாக அதை நம்ப முடியாது.

தீபகற்ப மலேசியாவின் 'இரண்டாம் இல்லம்' என்ற நீண்டகாலக் குடியிருப்பு அனுமதித் திட்டத்தில், சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை நீங்கலாக, 2024 முதல் அடிநிலையான வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட் மதிப்புள்ள வீடும் தேவை. வைப்பில் பாதியை வீட்டுக்கு எடுக்கலாம். ஆனால் அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறினாலன்றி, அந்த வீட்டைப் பத்தாண்டுகளுக்கு விற்க இயலாது. 2021க்கு முன்பிருந்த விதிப்படி, 50 வயது கடந்தவருக்கு 1,50,000 ரிங்கிட் வைப்பே போதுமாயிருந்தது!

பிரிட்டன் அரசு ஓய்வூதியம் பெறுவோர் கவனிக்க: அத்தொகை இவ்விரு நாடுகளிலும் ஆண்டுதோறும் உயராது. விலைவாசி மட்டும் உயரும்.

என் கணிப்பில், சிறிய ஓய்வூதியத்தை நம்பியிருப்பவருக்குச் வட தாய்லாந்து நகரான சியாங் மாய்தான் எட்டும். ஆயினும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சூழும் வயல், காட்டு எரிப்புப் புகையிலிருந்து விலகியிருக்கத் தனித்தொகை வேண்டும். சொந்த ஊர் வீட்டை விற்ற பணம் உள்ளவருக்கோ, ஆங்கிலமும் தமிழும் புழங்கும் மலேசியாவின் பினாங்கு ஏற்றது.