பழைய ஃபில்டர் ஸ்பான்ஜைத் தூக்கிப் போடச் சொன்னால் நம்பாதீர்கள்: 2,350 ரூபாயும் பதினோரு மீனும் போன கதை

இன்று காலை பத்தாவது நியான் டெட்ரா மீனையும் வலையில் கோரி எடுத்து, தென்னை மூட்டில் புதைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் சின்ன மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 2 அடித் தொட்டி. தண்ணீர் 50 லிட்டருக்குள்தான் இருக்கும். பத்து நியான், நாலு கப்பி. மேலே ஒரு பெட்டி ஃபில்டர், அதற்குள் ஒரே ஸ்பான்ஜ். ஒன்றரை வருடமாக ஒரு மீன்கூடச் சாகவில்லை. போன சனிக்கிழமை ஃபில்டருக்கு மேலே போடும் பஞ்சு தீர்ந்துபோனதால், 40 ரூபாய்ப் பஞ்சு வாங்க மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கலர் மீன் கடைக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

கடைக்காரர் தங்கமாகப் பேசினார். மகளிடம், "மக்ளே, உனக்கு எந்த மீன் பிடிக்கும்?" என்று கேட்டு, ஒரு சின்ன தீவனப் பாக்கெட்டைக் காசு வாங்காமல் அவள் கையில் வைத்தார். அந்தப் பாக்கெட்டில்தான் நான் கவிழ்ந்தேன். பிள்ளையிடம் இவ்வளவு பிரியமாக இருப்பவர் நம்மை ஏமாற்றவா போகிறார் என்று தோன்றியது. பிறகு ஃபில்டரைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். முகத்தைச் சுளித்தார்.

"ஒன்றரை வருஷமா ஒரே ஸ்பான்ஜா? அது முழுக்க அழுக்குல்லா அண்ணே. இன்னைக்கே தூரப் போடுங்க. நான் தாறது ஜப்பான் செராமிக். கூட இந்த பாட்டில்ல பாக்டீரியா ரெடியா இருக்கு. ஒண்ணும் பேடிக்காண்டாம்."

செராமிக் மீடியா (ஃபில்டருக்குள் நிரப்பும் துண்டுகள்) என்று ஒரு கிலோ 1,100 ரூபாய். பாக்டீரியா பாட்டில் 650. ஒரு வருடம் மாற்றவே வேண்டாம் என்று சொன்ன கார்பன் (கரி) பை 600. மொத்தம் 2,350 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் கூட்டுத்தொகையை மட்டும் எழுதித் தந்தார். நானும் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பான்ஜைக் குப்பையில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை வரை தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. புதன்கிழமை காலையில் நியான் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. செவுள் சிவந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று செத்துவிட்டன.

போன் செய்தேன். "தண்ணி கொஞ்சம் மாத்துங்க." மாற்றினேன், மறுநாள் நாலு போயிற்று. மறுபடி போன். "உங்க மோட்டார் சரியில்ல, புது மோட்டார் ஒண்ணு வந்திருக்கு, வந்து பாருங்க." 2,350 ரூபாய் வாங்கிய மனிதர், செத்த மீனைக் கேட்டால் மோட்டார் விற்கிறார்! மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வெள்ளிக்கிழமை நேரில் போனால் கடைப் பையன், "முதலாளி திருவனந்தபுரம் போயிருக்காரு. திறந்த பாக்கெட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றான்.

வீட்டுக்கு வந்து டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா சோதனை பச்சையாக மாறியது. எப்போதும் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை அளவு) 6.5 காட்டும் எங்கள் கிணற்றுத் தண்ணீர், தொட்டிக்குள் 7.8 காட்டியது. சந்தேகம் வந்து அந்த 'ஜப்பான் செராமிக்' துண்டு ஒன்றை ஸ்டீல் தட்டில் வைத்து, சமையலறை வினிகரை ரெண்டு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. செராமிக் என்றால் சுட்ட மண், அது வினிகருக்கு நுரைக்காது. இது வெறும் சுண்ணாம்புத் துண்டு. சிப்பி உடைசலோ, பவளப்பாறையோ, எதுவானாலும் கால்சியம் கார்பனேட்தான். பவளப்பாறையாக இருந்தால் இன்னும் மோசம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதே குற்றம்.

நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, ஒன்றரை வருடமாக அந்த ஸ்பான்ஜில்தான் குடியிருந்தது. அதை நானே என் கையால் குப்பையில் போட்டேன். அதே நேரத்தில் சுண்ணாம்பு கரைந்து பிஎச்சை ஏற்றியது. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். நியான் எப்படித் தாங்கும்? கப்பிக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்பதால் மூன்று தப்பியிருக்கின்றன.

மீடியா வாங்குவது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜை ஒரேயடியாக மாற்றாதீர்கள், புது மீடியாவைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஓட விடுங்கள். கழுவுவதென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்லும். கார்பனின் உறிஞ்சும் சக்தி சில வாரங்களில் தீர்ந்துவிடும், வருடக்கணக்கு சொன்னால் பொய். சின்னத் தொட்டிக்கு நல்ல ஸ்பான்ஜ் ஒன்றே போதும். அப்புறம், பில் வாங்குங்கள். 2,350 ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து நான் என்ன சொல்ல?

நாகர்கோவில் பக்கம் நோயில்லாத தொட்டி ஓட்டுபவர்கள் யாராவது, ஓடுகிற ஃபில்டரிலிருந்து பழைய ஸ்பான்ஜில் ஒரு துண்டு வெட்டித் தர முடியுமா? ஈரம் காயாமல் வாங்க நானே பாத்திரத்தோடு வருகிறேன். மூன்று கப்பிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.