வீட்டுப் பாடத்துக்கு எந்த வேதாகமம்? பழைய திருப்புதலும் திருவிவிலியமும்

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் கிறிஸ்தவக் குடும்பத்தில் வேதாகமம் இரண்டு வேலை பார்க்கிறது. செபத்துக்கும் அதுதான், தமிழ் வாசிப்புக்கும் அதுதான். கொழும்பில் தமிழ்ப் புத்தகத்தைப் பிள்ளை தானாகக் கையில் எடுக்கும் வாய்ப்பு குறைவு. வெளியே சிங்களம், திரையில் ஆங்கிலம். அதனால் இரவுச் செபத்தில் திறக்கும் புத்தகத்தின் தமிழ்தான் பிள்ளையின் எழுத்துத் தமிழாகிவிடுகிறது. எந்த மொழிபெயர்ப்பு என்பதை உறை நிறம் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

கடையில் பொதுவாகக் கைக்கு வருபவை இரண்டு. ஒன்று பழைய திருப்புதல், அதாவது பழைய மொழிபெயர்ப்பு. 1871இல் ஹென்றி பவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையில் முடிந்தது, மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளில் இன்றும் அதுதான். மற்றது 1995இல் வந்த திருவிவிலியம். கத்தோலிக்க வழிபாட்டில் கேட்பது இதன் தமிழ். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், பழைய திருப்புதலில் 66. வாங்கும்போது பொருளடக்கத்தில் அந்தக் கூடுதல் நூல்களான தோபித்து, யூதித்து, மக்கபேயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டில் தேடிக் களைக்கத் தேவையில்லை. எளிய தமிழில் வேறு மொழிபெயர்ப்புகளும் உண்டு. கதையை விளங்கிக்கொள்ள உதவும், மனனம் செய்ய ஓசை போதாது.

வாசிக்கப் பழகும் பிள்ளைக்குப் பழைய திருப்புதல் கடினம். பொருளை விடச் சொற்களின் நீளம்தான் முதல் தடை. கர்த்தர் கற்பித்த செபத்தின் முதற் சொல் ‘பரமண்டலங்களிலிருக்கிற’: 14 எழுத்து. 23ஆம் சங்கீதத்தின் மூன்றாம் சொல் ‘மேய்ப்பராயிருக்கிறார்’: 11 எழுத்து. இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒன்றாக அச்சானவை இவை. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை எட்டாம் எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தை மறந்துவிடும். இதற்கு மருந்து பென்சில். சொல் பிரியும் இடத்தில் மெல்லிய நேர்கோடு: பரமண்டலங்களில் | இருக்கிற. முதல் மாதம் பெற்றோர் கோடு போடலாம், அடுத்த மாதம் பிள்ளையே போடட்டும். புணர்ச்சி இலக்கணத்தின் பாதி அதிலேயே வந்துவிடும்.

அடுத்த தடை ஜ, ஸ, ஷ. ஜனங்கள், சுவிசேஷம், அப்போஸ்தலர், ஞானஸ்நானம் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். உயிர்மெய் வரிசையே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு இது தேவையில்லாத சுமை. திருவிவிலியத்தில் அதே இடங்களில் மக்கள், நற்செய்தி, திருத்தூதர், திருமுழுக்கு என்றிருக்கும். ஆறு, ஏழு வயதில் தானாக வாசிக்கக் கொடுக்க வேண்டியது இதைத்தான். இதில் தயக்கமே வேண்டாம்.

பொருள் வழுக்கும் இடம் இன்னொன்று. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்கிறது பழைய திருப்புதல். இங்கே தாழ்ச்சி என்றால் குறைவு. கத்தோலிக்க வீடுகளில் தாழ்ச்சி என்பது பணிவு, பிள்ளை கேட்டு வாங்க வேண்டிய புண்ணியம். அம்மா ஒரு சபை, அப்பா இன்னொரு சபை என்ற வீடுகள் கொழும்பில் நிறைய. அங்கே பிள்ளை இந்த வசனத்தை ‘நான் பணியமாட்டேன்’ என்று விளங்கிக்கொண்டு பக்தியோடு ஒப்புவிக்கும். அடுத்த வசனத்தின் ‘அமர்ந்த தண்ணீர்கள்’, அதாவது அமைதியான நீர், உட்கார்ந்திருக்கும் தண்ணீராகிவிடும். ‘ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை’ என்ற திருவிவிலிய வரியில் இந்த வழுக்கல் இல்லை. பழையதைப் படிப்பிக்கும் முன் புதியதை ஒருமுறை வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது.

மனனத்துக்கு மட்டும் பழைய திருப்புதலை விடமுடியாது. அதன் வாக்கியம் நாவில் உருளும், பாட்டி தாத்தா வாயிலும் பிரசங்கத்திலும் அதே சொற்கள் திரும்பி வரும். யோவான் 3:16 நல்ல சோதனை. ‘தேவன்’ என்று தொடங்கி, வினைக்காகக் கடைசிச் சொல் ‘அன்புகூர்ந்தார்’ வரை காத்திருக்க வைக்கும் வசனம் அது. முன்னாலிருந்து படிப்பித்தால் பெரும்பாலும் ‘அடையும்படிக்கு’ என்ற இடத்தில் பிள்ளை நின்றுவிடும், அல்லது ‘அவரைத் தந்தருளி’யை விழுங்கிவிடும். எனவே பின்னாலிருந்து தொடங்குங்கள். திங்கள் ‘இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்’ மட்டும். செவ்வாய் அதற்கு முன் ‘அவரைத் தந்தருளி’. புதன் ‘அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு’. வியாழன் ‘தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ’. வெள்ளி ‘தேவன்’ சேர்த்து முழுவதும். ஒவ்வொரு நாளும் தெரியாததில் தொடங்கித் தெரிந்ததில் முடிவதால் குரல் தளராது. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். பத்தாக்கினால் சனிக்கிழமை வெறுப்பு வரும்.

சொல்வதெழுதலுக்குத் திருவிவிலியம்தான் பொருத்தம், காரணம் நிறுத்தக்குறிகள். பழைய திருப்புதலில் பேச்சுக்கு முன் ஒரு முக்காற்புள்ளி, மேற்கோள்குறி கிடையாது. பேச்சு எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளை ‘என்றான்’, ‘என்றாள்’ வரும்வரை அறியாது. திருவிவிலியத்தில் மேற்கோள்குறி, பத்தி, சிறு தலைப்பு எல்லாம் உண்டு. நற்செய்திப் பகுதி ஒன்றிலிருந்து நான்கு வரி சொல்லி எழுதுவித்தால் கொப்பியில் உரையாடல் எழுதும் முறையும் பழகும்.

மரியாதைச் சொல்லையும் கவனிக்க வேண்டும். லூக்கா முதல் அதிகாரத்தில், பழைய திருப்புதலில் மரியாள் தேவதூதனிடம் கேட்டுவிட்டு ‘என்றாள்’. திருவிவிலியத்தில் மரியா வானதூதரிடம் கேட்டுவிட்டு ‘என்றார்’. பெரியவர்களை ‘அவர்’ என்று எழுதப் பழக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பெண் பிள்ளைகள் இதைப் பெற்றோருக்கு முன்பே கவனித்துவிடுவார்கள்.

இரண்டையும் வைத்திருந்தால் பெயர்க் குழப்பம் வரும். பின் அட்டையின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஆதியாகமம் – தொடக்கநூல், யாத்திராகமம் – விடுதலைப் பயணம், சங்கீதம் – திருப்பாடல், அப்போஸ்தலருடைய நடபடிகள் – திருத்தூதர் பணிகள், வெளிப்படுத்தின விசேஷம் – திருவெளிப்பாடு, ஏசாயா – எசாயா, பரிசுத்த ஆவி – தூய ஆவி. இந்த ஏழே முக்கால்வாசித் தேடலைத் தீர்த்துவிடும். வாய்ச் செபங்களை மட்டும் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தாதீர்கள். குடும்பம் போகும் ஆலயத்தில் சொல்வது எப்படியோ அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மட்டும் தனிக் குரலாக ஒலிக்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். அரச பாடநூலில் கத்தோலிக்கத்துக்கு வேறு நூல், கிறிஸ்தவத்துக்கு வேறு நூல். எதற்குத் தோற்றப் போகிறதோ அந்த நூலின் சொற்களில் விடை எழுதப் பிள்ளையைப் பழக்குங்கள். வீட்டில் எந்த மொழிபெயர்ப்பு என்பது அங்கே உதவாது.

எங்கிருந்து வாசிப்பது? ஆதியாகமத்தில் தொடங்குபவர்கள் ஐந்தாம் அதிகார வம்ச வரலாற்றிலேயே தூங்கிவிடுவார்கள். மாற்கு நல்லது. 16 அதிகாரம், நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதத்துக்குச் சற்றே கூட. ஓட்டமும் அற்புதமும் நிறைந்த நூல். வாசித்து முடித்ததும் பிள்ளை தன் பேச்சுத் தமிழில் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். ‘புயல் அடிச்சிச்சு, அவர் நித்திரையா இருந்தார்’ என்று சொன்னால் அதைத் திருத்தாதீர்கள். அது விளங்கியதற்கு அடையாளம். மாதத்துக்கு 31 நாள் வரும்போது நீதிமொழிகள், நாளுக்கு ஓர் அதிகாரம். ஆனால் முழு அதிகாரத்தையும் பிள்ளையிடம் கொட்டாமல் பெற்றோர் இரண்டு வசனம் பொறுக்கிக் கொடுப்பது நலம்.

இனி புத்தகம் என்ற பொருளைப் பற்றி. பழைய திருப்புதலுக்குக் கொள்ளுப்பிட்டி காலி வீதியில் இருக்கும் வேதாகமச் சங்கத்தில் பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். திருவிவிலியத்துக்கு ஆலயங்களை ஒட்டிய கத்தோலிக்கப் புத்தகசாலைகளில் கேளுங்கள். சட்டைப்பைப் பதிப்பு பிள்ளைக்கு வேண்டாம். சங்கீதப் பகுதியைத் திறந்து கை நீட்டிய தூரத்தில் பிடியுங்கள். ‘க்’கின் புள்ளி தெரிகிறதா, ‘ன’வும் ‘ண’வும் பிரிந்து தெரிகின்றனவா? இல்லையென்றால் பெரிய எழுத்துப் பதிப்புக்குப் போங்கள். பிறகு நடுவில் திறந்து மேசையில் விடுங்கள். தானாக மூடிக்கொண்டால் தினமும் கையால் அழுத்துவீர்கள், முதுகு பிளக்கும். தாள் தாளாகப் பசையில் ஒட்டியதைத் தவிர்த்து நூல் வைத்துத் தைத்ததை எடுங்கள்.

இழுத்து மூடும் சிப் வைத்த உறை பார்க்க அழகு. வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடற்காற்றில் உலோகச் சிப் துருப்பிடித்து இறுகும், பிள்ளை இழுக்கும் இழுப்பில் உறையோடு பக்கமும் கிழியும். சாதாரண அட்டையே போதும். மெல்லிய தாளில் ஹைலைட்டர் மறுபக்கம் ஊறும், நிறப் பென்சில் ஊறாது. கிழிந்த பக்கத்துக்குப் பளபளப்பான செலோடேப் ஒட்டினால் காலப்போக்கில் மஞ்சளாகி, உரிக்கும்போது எழுத்தையும் கொண்டுபோகும். மெல்லிய டிசு தாளை விரலகலம் வெட்டி, நீர்த்த மாப்பசை தடவி கிழிசல்மேல் வைத்து, எண்ணெய்த் தாளுக்கு நடுவில் ஓர் இரவு பாரம் ஏற்றி வையுங்கள். காலையில் வசனம் அப்படியே வாசிக்கலாம்.