ரெவோவும் பல்க் க்ராப்பும்: வேண்டாத சாஃப்ட்வேரை நீக்கிப் பழகிய அனுபவம்

வேண்டாத சாஃப்ட்வேரைத் தூக்க ரெவோ அன்இன்ஸ்டாலர், பல்க் க்ராப் அன்இன்ஸ்டாலர் இரண்டையும்தான் பல வருடமாகப் புழங்குகிறேன். ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். இரண்டில் எது என்று கேட்டால் பல்க் க்ராப்தான் என்பேன். அது முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), இன்ஸ்டால் பண்ணாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும்.

எங்கள் பக்கம் எப்படிப்பட்ட மெஷின் வருகிறது என்று சொன்னால்தான் காரணம் புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் டீசல், ஐஸ், பங்குக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து முடிப்பது அப்போதுதான். "அண்ணே, லேப்டாப்பு நகரவே மாட்டேங்குது" என்று தூக்கிக்கொண்டு வருவதும் அப்போதுதான். பெரும்பாலும் 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். நெட் என்றால் செல்போன் ஹாட்ஸ்பாட். ஆன் செய்ததும் யாரும் கேட்காத அப்டேட்டர்கள் பின்னணியில் இறங்க ஆரம்பிக்கும். அன்றைய டேட்டா மதியத்துக்குள் காலி. வேகம் போவதைவிட எனக்கு வயிறு எரிவது இதில்தான், அது அவர்கள் காசு.

கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர், துபாயிலிருக்கும் மகன் அனுப்பிய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "கணக்கு எழுதுறதத் தவிர நான் ஒண்ணையும் தொடலையே தம்பி, இதையெல்லாம் யாரு போட்டா?" என்றார். யாரோ பிடிஎஃப் மாற்ற ஒரு கன்வெர்ட்டர் இறக்கி, 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று அமுக்கியிருக்கிறார்கள். அதோடு ஒரு டிரைவர் அப்டேட்டர், கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறு என்று சிவப்பில் மிரட்டிப் பணம் கேட்கும் ஒரு ஆப்டிமைசர், தேடும் பக்கத்தையே மாற்றிவிட்ட ஒரு டூல்பார் என எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

விண்டோஸ் வழியாகப் போனால் ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும். போகாதே என்று ஒவ்வொன்றும் கெஞ்சும், சில நேரம் 'யெஸ்', 'நோ' பட்டனை இடம் மாற்றி வைத்திருக்கும். பல்க் க்ராப்பில் எல்லாவற்றையும் டிக் செய்து ஒரே தடவையில் ஓட விடலாம். அமைதியாக நீங்கும் வசதி அந்த சாஃப்ட்வேரில் இருந்தால் கேள்வியே கேட்காமல் நீக்கிவிடும். முடிந்ததும் மிச்சம் கிடக்கிற ஃபோல்டர்களையும், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடம்) பதிவுகளையும் காட்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் எவ்வளவு நம்பி அழிக்கலாம் என்று ஒரு மதிப்பீடு இருக்கும். சந்தேகமானதை அதுவே டிக் செய்யாமல் விட்டுவைக்கும். நானும் அதைத் தொடுவதில்லை.

அதன் பிறகும் அந்த லேப்டாப்பின் டாஸ்க் ஷெட்யூலரை (வேலைகளைத் தானாக ஓட வைக்கும் விண்டோஸ் பகுதி) திறந்து பார்த்தேன். லாகின் ஆகும்போதெல்லாம் ஆப்டிமைசரைத் திரும்ப இறக்கச் சொல்லி ஒரு பதிவு அங்கே இருந்தது. அழித்த மறுநாளே திரும்ப வந்துவிட்டது என்று ஆட்கள் புலம்புவது இதனால்தான். எந்த டூல் போட்டாலும் டாஸ்க் ஷெட்யூலரையும், ஆன் ஆனதும் தானாக ஓடுபவை இருக்கும் ஸ்டார்ட்அப் பட்டியலையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ரெவோவை நான் எடுப்பது ஒற்றைப் பிடிவாதக்காரன் ஒருவனுக்காக. மூலையில் ஒரு ஜன்னல் திறக்கிறது, எந்த சாஃப்ட்வேர் என்றே தெரியவில்லை என்றால் அதன் ஹன்ட்டர் மோடு அருமை. குறிவட்டம் மாதிரி இருக்கும் ஐகானை இழுத்து அந்த ஜன்னல் மேல் விட்டால் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும், அங்கிருந்தே நீக்கலாம். மிச்சத்தைத் தேட சேஃப், மாடரேட், அட்வான்ஸ்டு என்று மூன்று நிலை உண்டு. எனக்கு மாடரேட் போதும். பாதி நீக்கி நின்றுபோனதைக் கட்டாயமாகப் பிடுங்கும் வசதி காசு கொடுத்து வாங்கும் ப்ரோவில்தான், அது ஒரு குறை.

இரண்டுக்கும் முழுதாக எட்டாத இடம் பிரவுசர். வலது கீழ் மூலையில் "வைரஸ் வந்துவிட்டது" என்று விடாமல் வரும் அறிவிப்பு, பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்தில் 'அலோ' கொடுத்ததன் விளைவு. அது சாஃப்ட்வேரே இல்லாததால் எந்தப் பட்டியலிலும் வராது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதியைப் பறித்தால் நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன், டூல்பார் தொல்லைக்கு மால்வேர்பைட்ஸின் ஆட்வ்க்ளீனர் நல்லது, அதுவும் இலவசம்.

லேப்டாப்போடு வந்து காலாவதியான ஆன்டிவைரஸை மட்டும் இந்த டூல்களிடம் விடுவதில்லை. அந்த நிறுவனமே கொடுக்கும் நீக்கும் கருவியை இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தால் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தானாகக் காவலுக்கு வந்துவிடும்.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் க்ளீனர் எதையும் நான் போடுவதில்லை. வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. 2017-இல் சிக்ளீனர் என்ற பிரபல சுத்தம் செய்யும் டூலின் 5.33 பதிப்பிலேயே ஊடுருவி மால்வேரைச் சேர்த்துவிட்டார்கள், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கும் அதுதான் போனது. சுத்தம் செய்யும் டூலையும் குறைவாகவே வைத்திருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

பட்டியலில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (மற்ற சாஃப்ட்வேர்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணைக் கோப்புகள்) என்று 2010, 2013 போட்டு வரிசையாக நிற்கும். பழையது என்று அதைத் தூக்கிவிடாதீர்கள், அதை நம்பி ஓடும் சாஃப்ட்வேர் திறக்காமல் போகும். எதையும் தொடும் முன், ஏதாவது கெட்டுப்போனால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு காரியம் செய்து அனுப்புகிறேன். ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு கனெக்ஷனாக (டேட்டா அளவோடுதான் இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லும் செட்டிங்) மாற்றுவேன், விண்டோஸ் அப்டேட் டேட்டாவைக் குடிப்பது பெருமளவு குறையும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பார்ப்பேன். விண்டோஸ் 10-க்கு அது 2020 மே அப்டேட்டோடு வந்தது. 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில், 'ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' உள்ளே இருக்கும். உங்கள் மெஷினிலும் திறந்து பாருங்கள்.